தூலான் வீட்டு ரோசம்மா

மார்ச் 1, 1986. சனி

காலையிலிருந்து மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. பிளெய்ன்ஸ்பரோவில் எல்லா அபார்ட்மென்ட்டும் ஒரே மாதிரி. இன்று அதுவும் இல்லை, வெறும் வெள்ளை.

செய்ய வேண்டியவை: அனிதாவுக்கு ஷூ. பால், முட்டை, கொத்தமல்லி (கிடைத்தால்). சேவியரின் கோட், டிரை கிளீனிங். ஃபிலிம் வந்ததா என்று கேட்க.

ஃபிலிம் வந்துவிட்டது. மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

இதெல்லாம் எதற்காக என்று எழுதிவைக்கிறேன். அம்மாவை இங்கே, அமெரிக்காவுக்கே, வரவழைத்துக்கொள்ள மனு போட்டிருக்கிறோம். அப்பா போன பிறகு திருச்சி பொன்மலையில் ஒற்றையாக இருக்கிறாள். வக்கீல் அவளுடைய பிறப்புச் சான்று கேட்கிறார். அப்படி ஒரு காகிதமே அவளிடம் கிடையாது. பிறந்தது போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். எப்போது என்றால், "காவேரியில பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு முந்தின வருஷமோ பிந்தின வருஷமோ." நகராட்சியில் பதிவு இல்லை. கோயில் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று அங்கிருந்து சாமியார் எழுதினார்.

ஆனால் அம்மாவின் அப்பா அயர்லாந்துக்காரர். பட்டாளத்தில் வந்து, பிறகு ரயில்வே கார்டு ஆனவர். வெள்ளைக்காரர் வீட்டு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எதுவானாலும் அந்தக் காலத்தில் ஒரு நகல் லண்டனுக்குப் போகுமாம். அந்த நகல்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து கால் மணி நேர டிரைவில் ஒரு சர்ச்சின் பின்னறை. வம்சம் தேடுகிறவர்களுக்கென்று, ஃபிலிமைப் பெரிதாக்கிக் காட்டும் நாலு மெஷின். ஆர்டர் பண்ணினால் ஆறு வாரத்தில் ஃபிலிம். என் லேபில் வேலை செய்யும் ஒருத்தி சொல்லித் தெரிந்தது.

அவர் பெயர் பார்த்தலோமியு டூலன். பொன்மலையில் எங்கள் வீட்டுக்குத் "தூலான் வீடு" என்று பெயர். சின்ன வயதில் அதை ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே, ஊரில் தன் தாய்க்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறப் போனவர். திரும்பி வரவில்லை. அம்மா அவரைப் பற்றிப் பேசமாட்டாள். கேட்டால் "ஓடிப்போனவன்." அதோடு சரி.

தாத்தா என்று எழுதக் கை வரவில்லை. அவர் என்றே எழுதுகிறேன்.

அந்த மெஷினுக்குள் தலையை நீட்டி உட்கார்ந்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எழுத்துகள் ஓடுகின்றன. மெதுவாகச் சுற்றினால் ஒரு பெயர், ஒரு நாள், "கார்டு," "ஃபிட்டர்," "சிப்பாய்." வேகமாகச் சுற்றினால் மழை. எத்தனை குழந்தைகள். எல்லாருக்கும் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் வைத்து.

மூன்றே காலுக்குக் கிடைத்தாள். போத்தனூர். பிறந்தது 1924 நவம்பர். தகப்பன் பா. டூலன், கார்டு. தாய் என்ற இடத்தில் 'அவர் மனைவி' என்று மட்டும். வெள்ளத்துக்கு முந்தின வருஷமும் இல்லை, பிந்தின வருஷமும் இல்லை. அதே வருஷம்தான், வெள்ளம் வடிந்த பிறகு.

பெயர்: ரோஸ் கேத்தரின்.

கேத்தரின் என்று ஒரு பெயர் தனக்கு இருப்பது அம்மாவுக்கே தெரியாது.

மார்ச் 5, புதன்

தவக்காலம். வீட்டில் கறி இல்லை. அனிதா ஸ்கூலில் பெப்பரோனி பீட்சா தின்றுவிட்டு வந்து ஒப்புக்கொண்டாள்.

சாயந்திரம் இரண்டு மணி நேரம் பின்னறையில். கல்யாணப் பதிவு கிடைத்தது. 1921. அவருக்கு வயது 33. அவருடைய தகப்பன் பெயர் திமோத்தி. ஆக, முறையாகக் கோயிலில் நடந்த கல்யாணம். இந்த ஒரு வரிக்காக அம்மா பள்ளிக்கூடத்தில் எத்தனை அடிதடி போட்டிருப்பாள். "துரைக்குப் பொறந்தது" என்று சொன்ன பெண்ணின் காதைக் கடித்ததற்காகத்தான் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இது அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, என் பெரியம்மா சொன்னது, அம்மா சொன்னதில்லை.

பக்கத்து மெஷினில் பெவர்லி என்று ஒருத்தி. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். வேல்ஸில் சுரங்கத்தில் வேலை செய்த முப்பாட்டன்களைத் தேடுகிறாள். மூன்று வருஷமாக வருகிறாளாம். மெஷினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே பேசுவாள். பெயரைச் சரியான ஸ்பெல்லிங்கில் தேடாதே, எழுதினவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துத் தேடு என்றாள்.

மார்ச் 8, சனி

காலை எட்டுக்கு அம்மாவுக்கு போன். (அங்கே சாயந்திரம் ஆறரை. அடுத்த வீட்டு கோம்ஸ் சாருடைய போன். அவர் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். அம்மா முன்கூட்டியே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.)

"உன் ஞானஸ்நானம் கிடைச்சிடுச்சும்மா. நீ ரோஸ் கேத்தரின்."

"என்னது?"

"கே-த்-த-ரின். கத்தரீனம்மா."

லைனில் கடல் இரைச்சல். என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது.

"காகிதம் கிடைச்சிடுச்சுல்ல, வக்கீல்கிட்ட குடு. அதோட நிறுத்து. அந்தாளைத் தோண்டாத, பிலோ."

"ஏம்மா?"

"நீ தோண்டி, அங்க அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்கன்னு இன்னொரு குடும்பம் வந்து நின்னா, அதை நான் எங்க கொண்டு வெக்கறது?"

மூன்று நிமிடம் முடிந்தது.

மார்ச் 15, சனி

தோண்டினேன்.

அயர்லாந்துப் பிறப்புப் பதிவுகளின் அகரவரிசைப் பட்டியல் அந்த அறையிலேயே இருக்கிறது. 1887, 88, 89 மூன்று வருஷமும் பார்த்தேன். பார்த்தலோமியு டூலன் மூன்று பேர். ஒருவர் டப்ளின். ஒருவர் கால்வே. ஒருவர் டிப்பரரி மாவட்டத்தில் ராஸ்க்ரே பக்கம். தகப்பன் பெயர் எவருக்குத் திமோத்தி என்று பார்க்க, பிறப்புப் பதிவு ஃபிலிம் ஆர்டர் பண்ணினேன். 1901 ஜனத்தொகைக் கணக்கும். அதற்கு முந்தைய கணக்கெல்லாம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று, ஆவணக் கட்டிடம் தீப்பிடித்தபோது கொஞ்சமும் அதற்கு முன்பே கொஞ்சமும் என்று பெவர்லி சொன்னாள். கரையான் தின்ற போத்தனூர்ப் புத்தகம் ஞாபகம் வந்தது. ஒரே மனிதருக்கு இரண்டு ஊரிலும் காகிதம் நிற்கவில்லை.

சேவியருக்கு இதில் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல். "அத்தை வேணாம்னு சொல்றாங்கல்ல. ஏன் நீ மட்டும்?" என்றார். லேபில் சோதனைக் குழாயைக் குலுக்கிக்கொண்டு நிற்கும்போதுகூட அந்த எழுத்துகள் கண்ணுக்குள் ஓடுகின்றன, இடமிருந்து வலமாக.

சலவை மெஷின் பழுது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

அனிதா அழுதுகொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பச்சை ஸ்வெட்டர், பச்சை ரிப்பன், எல்லாம் அவளாகவே தேடிப் போட்டுக்கொண்டு போனது. இன்று இங்கே அயர்லாந்துக்காரர்கள் திருநாள், பச்சை உடுத்தும் நாள். வகுப்பில் யாரெல்லாம் ஐரிஷ் என்று டீச்சர் கேட்டாராம். இவளும் கை தூக்கியிருக்கிறாள். எல்லாரும் சிரித்தார்களாம். டீச்சரும் சிரித்துவிட்டு, இன்றைக்கு எல்லாருமே ஐரிஷ்தான் கண்ணு என்றாராம்.

"பட் ஐ ஆம்! மாம், ஆம் ஐ நாட்?"

"ஆமாம்மா. கொஞ்சம்."

"ஹவ் மச்?"

விரலை மடக்கிக் கணக்குப் போட்டோம். எட்டில் ஒன்று. ஒரு ஆப்பிளை எட்டாக நறுக்கி ஒரு துண்டைக் காட்டினேன். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தின்றாள். பிறகு மிச்சம் ஏழையும் தின்றாள்.

ஒன்பது வயதுப் பெண்ணும் அறுபத்தொரு வயது அம்மாவும், ஒருத்தி அந்தப் பெயர் வேண்டும் என்று அழுகிறாள், ஒருத்தி வேண்டாம் என்று.

மார்ச் 22, சனி

எப்படி எழுதுவது.

மதராஸ் மாகாண ஃபிலிமைத் திருப்பி அனுப்பவேண்டிய கடைசி நாள். பெட்டியில் இன்னொரு சுருள் இருந்தது: 1926, அடக்கப் பதிவுகள். கப்பலேறினவருக்கு அடக்கம் எங்கே இருக்கப்போகிறது என்று இதுவரை தொடவே இல்லை. இன்று நேரம் இருந்தது, சும்மா சுற்றினேன். வெளியே மழை. அறையில் நாலு மெஷினும் தூங்குகிற பூனை மாதிரி முனகிக்கொண்டு. நானும் பாதித் தூக்கத்தில்தான். காலரா, பேதி, வெயில், பிரசவம், ஒருநாள் குழந்தை, மூன்றுநாள் குழந்தை.

"டூலிங்."

தாண்டிப் போய்விட்டேன். பிறகு கை தானாகத் திருப்பிச் சுற்றியது.

பார்த்தலோமியு டூலிங். வயது 38. ரயில்வே கார்டு. குடற்காய்ச்சல். மதராஸில் மரணம், செப்டம்பர் 21. அடக்கம் மறுநாள்.

அவர் போத்தனூரை விட்டுக் கிளம்பியது மாதா பிறந்தநாளுக்கு மறுநாள் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். அதாவது செப்டம்பர் 9. பன்னிரண்டு நாள். கப்பல் ஏறவே இல்லை. மதராஸைத் தாண்டவே இல்லை. எங்கேயும் ஓடவில்லை.

பெவர்லி எழுந்து வந்து என் மெஷினுக்குள் பார்த்தாள். என் முதுகில் கையை வைத்துக்கொண்டே நின்றாள்.

காரில் உட்கார்ந்து அழுதேன். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாத ஒரு மனிதருக்காக, என்னைவிட இரண்டே வயது மூத்த மனிதருக்காக.

மார்ச் 23, குருத்து ஞாயிறு

பூசைக்கு முன்பே போன். சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, கத்தி.

லைன் போய்விட்டதோ என்று "அம்மா, அம்மா" என்றேன்.

"இருக்கேன்."

"அவரு விட்டுட்டுப் போகலம்மா."

"அப்ப ஏன் யாரும் வந்து சொல்லல? மூணு மாசம் பாத்தாங்க, அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுன்னு சாமானை எடுத்து வெளிய வெச்சாங்க. எங்கம்மா என்னை இடுப்புல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்டேஷனா போயி விசாரிச்சாங்க. ஒரு மனுசன் செத்தா ஒரு தந்தி கூடவா இல்லாம போகும்? பேர் ஒருத்தனுக்குத்தானா இருக்கும்? அது வேற யாரோடி."

"வயசு, வேலை எல்லாம் ஒத்து வருதும்மா."

"வேற யாரோ."

சேவியர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "இவ்வளவு வருஷம் கோவத்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னவங்க, பிலோ. அதைத் திடீர்னு கையிலேந்து பிடுங்கினா கீழ விழுந்திட மாட்டாங்களா?" என்றார். இந்த மனிதர் சில நேரம் இப்படிப் பேசிவிடுகிறார்.

குருத்தோலையை ரேடியேட்டர் பக்கம் வைத்தது தப்பு. சுருண்டுபோயிற்று.

ஏப்ரல் 19, சனி

செர்ரி மரங்கள் பூத்துவிட்டன. பார்க்கிங் முழுக்க ரோஸ் நிறம். கார்களின் மேலும்.

ஃபிலிம் இரண்டும் வந்தன. ராஸ்க்ரே ஆள்தான். தகப்பன் திமோத்தி, தாய் கேத்தரின். கேத்தரின்! மகளுக்குத் தன் தாய் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

பிறகு 1901 ஜனத்தொகைத் தாள். டூலன் இல்லை, "டூலின்" என்று இருந்தது. பெவர்லி சொன்ன காது வித்தை. அப்படியே காப்பி பண்ணிக்கொண்டேன்:

கேத்தரின், விதவை, 41. வாசிக்கத் தெரியும்.
மேரி, 17. வாசிக்க, எழுதத் தெரியும்.
பார்த்தலோமியு, 13. வாசிக்க, எழுதத் தெரியும்.
ஜான், 9. வாசிக்கத் தெரியும்.
ஹொனோரா, 3. வாசிக்கத் தெரியாது.

மூன்று வயதுக் குழந்தைக்கு வாசிக்கத் தெரியாது என்று கணக்கெடுக்க வந்த யாரோ ஒரு போலீஸ்காரர் பொறுப்பாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சிரிப்பு வந்தது. வீட்டு விவரத்தையும் அடுத்த தாளில் கொடுத்திருக்கிறார்கள்: கூரை வீடு, முன்பக்கம் இரண்டு ஜன்னல். அந்த இரண்டு ஜன்னலை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சமையலறையில், காரில், லைட்டில் பச்சை விழுந்து பின்னாலிருப்பவன் ஹார்ன் அடிக்கும் வரை. பதிமூன்று வயதுப் பையன் ஒரு ஜன்னலில். வெளியே மழையாக இருக்கவேண்டும். அவன் எதைப் பார்க்கிறான்? போத்தனூரை இல்லை. அப்படி ஓர் ஊர் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ராஸ்க்ரே பங்குச் சாமியாருக்குக் கடிதம் எழுதினேன். நாலு தடவை கிழித்து ஐந்தாவது. இன்னார் பேத்தி, இன்ன ஊரில் இருக்கிறேன், அந்தக் குடும்பத்தார் யாராவது இருந்தால் இதைக் கொடுக்கவும். ஒன்றும் கேட்டு வரவில்லை, தெரிந்துகொள்ள மட்டும்தான் என்ற வரியைச் சேர்த்தேன், எடுத்தேன், மறுபடி சேர்த்தேன். ஞானஸ்நானப் பதிவின் காப்பி ஒன்றும் உள்ளே.

விலாசம்: சாமியார், பெயர் தெரியாது. ஊர், மாவட்டம், அயர்லாந்து. போய்ச் சேருமா?

மே 7, புதன்

வக்கீல் போன். ஃபிலிம் காப்பியும், வயதில் மூத்த உறவினர் இருவருடைய உறுதிமொழியும் போதுமாம். அந்தப் பெரியம்மாவும் அவள் அண்ணனும் எழுதிக் கொடுப்பார்கள். ஆக, வேலை முடிந்தது. அம்மா வரலாம்.

வருவாளா என்பது வேறு. போன வாரம் போனில், "அங்க குளிருமாமே" என்றாள். குளிரைப் பற்றித்தான் பேசினோம். அவரைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 17, சனி

தபால் வந்தது.

மதியம். சேவியர் அனிதாவை நீச்சலுக்குக் கூட்டிப் போயிருந்தார். நான் மட்டும். கவரில் பச்சை ஸ்டாம்ப். உள்ளே இரண்டு காகிதம். ஒன்று சாமியாருடையது, டைப் அடித்தது, நாலே வரி: உங்கள் கடிதத்தை மிஸ் டூலனிடம் நானே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

மற்றது கையெழுத்து. பெரிய பெரிய எழுத்து, கோடு தாண்டி மேலே ஏறுகிறது. கடைசியில் ஹொனோரா டூலன், நோரா.

அந்த மூன்று வயதுக் குழந்தை! எண்பத்தெட்டு வயது. அதே வீட்டில், ஜானின் மகன் குடும்பத்தோடு.

நின்றபடியே படித்தேன். இப்போது உட்கார்ந்து தமிழில் எழுதுகிறேன், அம்மாவுக்கு வாசித்துக்காட்ட:

"அண்ணனை வீட்டில் பாட் என்றுதான் கூப்பிடுவோம். தனக்கு உடம்பு மோசமாக இருக்கிறது, வந்து பார் என்று அம்மா எழுதிய கடிதம் அவன் பையில் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சாமியார் அதிலிருந்த விலாசத்துக்கு, எங்களுக்கு, எழுதினார். பாட் போய்விட்டான் என்று. அம்மா பிழைத்துக்கொண்டாள், அவன் போய்விட்டான். அம்மா அவன் மனைவிக்கு எழுதினாள், மிஸஸ் டூலன், ரயில்வே குவார்ட்டர்ஸ், போத்தனூர் என்று. மூன்று கடிதம். மூன்றும் திரும்பி வந்தன, அந்த விலாசத்தில் யாரும் இல்லை என்று. ரயில்வேக்கு எழுதினோம், பதில் இல்லை. பாட்டின் மனைவிக்குத் தகவல் போயிருக்கும், அவள்தான் எழுத விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

"ஆனால் குழந்தை இருந்ததே. ஒரு போட்டோ அனுப்பியிருந்தான், மடியில் வைத்துக்கொண்டு. பின்பக்கம் 'ரோஸி' என்று எழுதி. எங்கள் வீட்டில் தினமும் சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் தூரத்தில் இருப்பவர்களுக்காக ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேண்டிக்கொள்வோம். கடைசிப் பெயர் இந்தியாவில் இருக்கும் ரோஸி. அம்மா தொடங்கிவைத்தது. அவளுக்குப் பிறகு நான். ஜானின் பிள்ளைகள், ரோஸி யார் என்று கேட்பார்கள். பாட் பெரியப்பாவின் குழந்தை என்பேன். அவர்கள் வளர்ந்து, அவர்களுடைய பிள்ளைகளும் கேட்டாயிற்று. இன்னும் குழந்தை என்றுதான் சொல்கிறேன். உன் கடிதத்தைக் கேட்ட பிறகுதான் அவளுக்கும் வயதாகியிருக்கும் என்பது எனக்கு உறைத்தது.

"அவள் உயிரோடு இருக்கிறாளா? நீ அதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்தாகவேண்டும். இறந்தவர்களுக்குச் சொல்லும் ஜெபம் வேறு. தெரியாமல் இத்தனை வருஷமும் இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தேன்."

ஜன்னலைத் திறந்தேன். கீழே குளத்துப் பக்கம் யாரோ பிள்ளைகள். காட்டு வாத்துகள் தங்கள் குஞ்சுகளை வரிசையாக நடத்திப் போகின்றன. சேவியரும் அனிதாவும் ஈரத் தலையோடு வந்தது, ஏதோ கேட்டது, நான் ஏதோ சொன்னது எல்லாம் தண்ணீருக்கடியில் நடந்தது போல. அனிதா கடிதத்தை எடுத்து அவளாகவே படித்தாள். "ஷீ கெப்ட் கவுண்டிங் கிராண்ட்மா," என்றாள்.

நோராவுக்கு உடனே ஒரு கார்டு: உயிரோடு இருக்கிறாள்.

மே 18, ஞாயிறு

காலை எட்டு. அங்கே ஐந்தரை. கோம்ஸ் சார் எடுத்தார். "இருக்காங்கம்மா, பக்கத்துலதான்."

முழுவதும் வாசித்தேன். மூன்று நிமிடம் முடிந்து, இன்னும் மூன்று, இன்னும் மூன்று. திரும்பி வந்த கடிதங்கள் என்ற இடத்தில் ஒரு மூச்சுச் சத்தம். ரோஸி என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு ஜெபம் என்ற இடத்துக்கு வந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை. சேவியர் காகிதத்தை வாங்கி வாசித்தார்.

"அம்மா?"

மறுபடி கோம்ஸ் சார் குரல். "போனை வெச்சிட்டு எழுந்து போயிட்டாங்கம்மா. வாசல்ல நிக்கறாங்க. நான் பாத்துக்கறேன், நீ பயப்படாத."

நாள் பூராவும் ஒன்றும் ஓடவில்லை. தப்புச் செய்துவிட்டேனா? சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். யாரும் சொல்லவில்லை.

மே 21, புதன்

பொன்மலையிலிருந்து தகவல் இல்லை. போன் போட எனக்கும் பயம். பின்னறைக்குப் போகவில்லை. லேபில் ஒரே நாளில் இரண்டு பீக்கர் உடைத்தேன்.

மே 25, ஞாயிறு

வெயில். பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அனிதாவின் ஒரு ஷூவைக் காணோம், எல்லாரும் சோபாவுக்கடியில். போன் அடித்தது. ஆபரேட்டர். இந்தியாவிலிருந்து கால், ஏற்றுக்கொள்கிறீர்களா? நாங்கள் அமெரிக்கா வந்து எட்டு வருஷம். அம்மாவாக எனக்கு போன் செய்தது இதுதான் முதல் தடவை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தோன்றியது.

"பிலோவா? பேனா எடு."

"என்னம்மா ஆச்சு? உடம்பு நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன். கோம்ஸ் சாரு ரெண்டு நாளா டிரங்க் கால் போட்டு இப்பத்தான் கிடைச்சுது. பேனா எடுத்தியா இல்லையா? அந்த அத்தைக்குக் கடுதாசி எழுதணும், நான் சொல்றேன், நீ இங்கிலீசுல எழுது."

அத்தை என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

சேவியரிடம் கை நீட்டினேன். மின்சார பில்லின் பின்பக்கத்தைக் கொடுத்தார்.

"ரோசின்னு ஒத்தப் பேரு சொன்னா போதாது. நான் என்ன இன்னும் கைக்குழந்தையா? எனக்குக் குடும்பம் இருக்குதுன்னு எழுது. வரிசையா சொல்றேன், எழுதிக்க. ரோசம்மா. அருள்சாமி, அது உங்கப்பா, அவருக்கு மத்த ஜெபம், செத்தவங்களுக்குள்ளது. மறக்காம பிரிச்சுக் காட்டு. பாவம், வயசான மனுசி, குழம்பிடப் போறாங்க. அப்புறம் பிலோமினா. சேவியர் மாப்பிள்ளை. அனிதா."

எழுதினேன். ஐந்து பெயர். இரைச்சலுக்கு நடுவே அவள் மூச்சு கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"பிலோ."

"சொல்லும்மா."

"அந்தக் கடுதாசியில 'பாட்டோட மனைவி, பாட்டோட மனைவி'ன்னே இருக்குல்ல. அவங்களுக்குப் பேரு தெரியாது. யாரு சொல்லியிருப்பா? சவரியம்மா. எங்கம்மா பேரு சவரியம்மா. ஸ்டேஷன் ஸ்டேஷனா தேடினாங்கன்னும் எழுது. முதல்ல அவங்க பேரைச் சொல்லச் சொல்லு. அப்புறம்தான் நானு."

பட்டியலின் தலையில் இடம் இல்லை. புதுக் காகிதம் எடுத்தேன்.